வைரமா, கிராஃபைட்டா? எலக்ட்ரானைக் கேளுங்கள்

வைரமும் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான் என்பது பள்ளிப்பாடம். கணினி ஹார்ட் டிஸ்க் தட்டின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் பூசியிருக்கும் கார்பன் படலம் இரண்டில் எதற்கு நெருக்கம்? கண்ணால் சொல்ல முடியாது. அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கித்தான் விசாரிக்க வேண்டும்.

எக்ஸ் கதிர் பட்டால் அணுவிலிருந்து எலக்ட்ரான் தெறிக்கும். கொடுத்த ஆற்றலிலிருந்து அது கொண்டுபோன ஆற்றலைக் கழித்தால், அணு அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்பது கிடைக்கும். ஸ்வீடனின் உப்சாலாவில் இந்த முறையை வளர்த்தெடுத்த கை சீக்பானுக்கு 1981இல் நோபல் பரிசு. அப்பா மன்னே சீக்பானும் எக்ஸ் கதிர் ஆய்வுக்காகவே 1924ஆம் ஆண்டின் நோபலைப் பெற்றவர்.

கார்பனின் உள்கூட்டு எலக்ட்ரானுக்கு இந்தப் பிடிப்பு சுமார் 285 எலக்ட்ரான் வோல்ட். பக்கத்தில் ஆக்சிஜன் ஒட்டியிருந்தால், நிறமாலையில் இந்த ஆற்றலில் தெரியும் முகடு நன்றாகவே நகர்ந்துவிடும். வைரத்துக்கும் கிராஃபைட்டுக்குமோ வித்தியாசம் ஒரு எலக்ட்ரான் வோல்ட்கூடத் தேறாது. போதாக்குறைக்கு வைரம் மின்கடத்தாப் பொருள். எலக்ட்ரான்கள் வெளியேற வெளியேற நேர்மின்னேற்றம் தேங்கி, முகடு தானாகவே இடம் மாறும். மற்ற பொருள்களில், மேற்பரப்பில் படியும் காற்றழுக்குக் கார்பனின் முகட்டை வைத்து அளவைத் திருத்துவார்கள். அதுவே நம்பகமற்ற பழக்கம். கார்பனை ஆராயும்போது அதைச் செய்வது எடைக்கல்லையே சரக்கோடு சேர்த்து நிறுப்பதுதான்.

வழி ஓஜே எலக்ட்ரானில் இருக்கிறது. உள்கூட்டில் விழுந்த காலியிடத்தை வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று நிரப்ப, மிஞ்சும் ஆற்றலில் இன்னொன்று வெளியே பாயும். பிரான்ஸின் பியேர் ஓஜே பெயரில் வழங்கினாலும், 1922இலேயே இதை எழுதியவர் லிசே மைட்னர். பெயர் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. பிணைப்பில் ஈடுபடும் எலக்ட்ரான்களே இதில் பங்கேற்பதால், நிறமாலையின் வடிவத்திலேயே பிணைப்பின் சாயல் பதிந்துவிடும். அந்த வளைகோட்டை வகையிட்டு, அதிலுள்ள உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பார்கள்: வைரத்துக்கு 13, 14 எலக்ட்ரான் வோல்ட் அளவில், கிராஃபைட்டுக்கு 21ஐத் தாண்டி. அளப்பது இடைவெளியை என்பதால், மின்னேற்றம் நிறமாலை முழுவதையும் நகர்த்தினாலும் கவலையில்லை.

ஆனால் இந்த எலக்ட்ரான்கள் மேலே உள்ள சில அணு அடுக்குகளைப் பற்றி மட்டுமே பேசும். அழுக்கைப் போக்க ஆர்கான் அயனிகளால் சுரண்டினாலோ, வைரத்தின் மேற்பரப்பே சிதைந்து கிராஃபைட் சாயலுக்கு மாறிவிடும். அதனால் வைர மாதிரிகளைப் பெரும்பாலும் வெற்றிடத்தில் சூடாக்கித்தான் சுத்தம் செய்கிறார்கள்.