மதாரே வாலிபர்களின் கால்பந்துச் சங்கம்

கால்பந்துச் சங்கம் என்றால் நமது தேசீய ஊழியர்களில் பலருக்கு ஓர் அலட்சியம் உண்டு. மாலையில் பொழுது போகாத பிள்ளைகள் கூடிப் பந்தை உதைத்துவிட்டு வீடு திரும்பும் இடம் என்பதே அவர்களுடைய எண்ணம். வாலிபர்களை ஒன்றுபடுத்த வேண்டுமானால் மகாநாடு கூட்ட வேண்டும், தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், ஐக்கியத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று நினைக்கும் இந்த நண்பர்களின் கவனத்தைக் கென்யா தேசத்துத் தலைநகராகிய நைரோபியின் பக்கம் சிறிது திருப்ப விரும்புகிறோம். அந்நகரின் ஓரத்தில் மதாரே என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பிரசங்கம் செய்யாததை ஒரு பந்து செய்திருக்கிறது.

மதாரே என்பது அங்கு ஓடும் சிற்றாற்றின் பெயர். அதன் இரு கரைகளிலும் துருப்பிடித்த தகரக் கொட்டகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாசம். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த கிகூயு, லுவோ, லூயா, கம்பா முதலிய பல குலத்தாரும் அங்கே கலந்து வசிக்கிறார்கள். சாக்கடை வசதி, குப்பை எடுக்கும் வசதி முதலியவை நகரத்தின் நல்ல பகுதிகளோடு நின்றுவிட்டன. குப்பை மேடுகள் வாய்க்கால்களை அடைத்துக்கொள்ள, தேங்கிய நீரின் பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடினார்கள். பந்து வாங்கப் பணம் ஏது? பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் இறுகக் கட்டினால் அதுவே பந்து.

1987-ம் வருஷத்தில், ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் சுற்றுச்சூழல் சம்பந்தமான வேலைகளுக்காக நைரோபியில் வசித்து வந்த பாப் மன்ரோ என்னும் கனடா தேசத்தார் இப்பிள்ளைகளுக்கு ஒரு லீக் ஏற்பாடு செய்ய முன்வந்தார். பிள்ளைகள் கேட்டது ஒழுங்கான பந்தும், பந்தயங்களும், ரெபரியுமே. அவர் விதித்த நிபந்தனையும் ஒன்றே. சங்கம் உங்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டுமானால் நீங்கள் உங்கள் பகுதிக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்றார். மதாரே வாலிபர் விளையாட்டுச் சங்கம் இவ்வாறு பிறந்தது.

நிபந்தனை வெறும் உபதேசமாக நின்றிருந்தால் நாம் இதை எழுத வேண்டிய அவசியம் இராது. அது லீக்கின் கணக்கிலேயே ஏறியது என்பதுதான் விசேஷம். பந்தயத்தில் ஜயித்தால் மூன்று பாயிண்டு. குறித்த நாளில் மண்வெட்டியும் கைவண்டியுமாக வந்து தன் பகுதியைச் சுத்தம் செய்து முடித்த கோஷ்டிக்கு ஆறு பாயிண்டு. எத்தனை கோல் போட்டாலும் குப்பை வார வராத கோஷ்டி பட்டியலின் தலைக்கு வர முடியாது.

பாயிண்டுக்காகச் செய்யும் சேவை சேவையாகுமா என்று நமது நண்பர்கள் உடனே கேட்பார்கள். பலன் கருதாத தொண்டைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்கேள்வி இயல்பானதே. ஆனால் பசியோடு பள்ளிக்கூடம் போகும், அல்லது போகவே முடியாத, பன்னிரண்டு வயதுப் பையனிடம் நிஷ்காம கர்மத்தை எதிர்பார்ப்பவர்கள் தாங்கள் அந்த வயதில் எப்படி இருந்தார்கள் என்பதைச் சிறிது யோசிப்பது நலம். முதல் வாரம் அவன் பாயிண்டுக்காக வருவான். இரண்டாம் வாரமும் அதற்காகவே வருவான். தான் திறந்துவிட்ட சாக்கடை தன் வீட்டு வாசலில் தடையின்றி ஓடுவதைப் பார்த்தபின், அதில் குப்பை கொட்ட வருகிறவரைத் தடுக்க அவனுக்கு யாரும் பாயிண்டு தர வேண்டியதில்லை. அன்றியும், தனி ஒருவனுக்குப் பாயிண்டு கிடையாது, கோஷ்டிக்கே உண்டு. சோம்பேறியை வீட்டிலிருந்து இழுத்து வரும் வேலையை அவனுடைய தோழர்களே பார்த்துக்கொள்வார்கள். கட்டுப்பாடு மேலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு விஷயத்தை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் குப்பை வாருவதால் நகர நிர்வாகத்தின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. 1992-ல் ரியோ நகரில் கூடிய உலக மகாநாட்டின்போது இச்சங்கத்துக்கு ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பரிசு அளிக்கப்பட்டது. பரிசு கிடைத்தது, பள்ளத்தாக்குக்குச் சாக்கடை கிடைக்கவில்லை. 2024-ம் வருஷம் ஏப்ரலில் பெருமழை பெய்தபோது மதாரே ஆறு கரைபுரண்டு குடிசைகளை அடித்துச் சென்று உயிர்களையும் பலி கொண்டது. பின்னர், ஆற்றோரம் வசிப்பது அபாயம் என்று சொல்லி, மீந்த வீடுகளைச் சர்க்காரே இடித்தது. பிள்ளைகளின் தொண்டைப் புகழ்ந்து பேசும் அதிகாரிகள் எந்தத் தேசத்திலும் உண்டு. அப்புகழ்ச்சி தங்கள் வேலையைத் தட்டிக்கழிப்பதற்குச் சாக்கு ஆகாமல் பார்த்துக்கொள்வது ஊழியர்களின் பொறுப்பு.

ஐக்கியத்துக்கு வருவோம். கென்யாவின் பெரிய கால்பந்துக் கிளப்புகள் குலத்தின் பெயரால் எழுந்தவை. 1968-ல் தோன்றிய கோர் மாஹியா லுவோ மக்களின் கிளப். 1964-ல் தோன்றிய மற்றொன்றுக்கு அபலூயா என்ற குலப் பெயரே வழங்கியது. சர்க்கார் குலப் பெயர்களை ஒழிக்கச் சொன்னபின் 1980-ல் அது ஏ.எப்.ஸி. லெப்பர்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறியதே தவிர மைதானத்தில் இரு பக்கமும் கூடும் கூட்டம் மாறவில்லை. உத்தரவினால் பலகையை மாற்றலாம், வேறென்ன செய்ய முடியும்? மதாரேயின் லீக்கோ வசிக்கும் பகுதியை ஆதாரமாகக் கொண்டு அமைந்தது. ஒரே வாய்க்காலை ஒன்றாகச் சுத்தம் செய்ய வேண்டிய பிள்ளைகள், யார் எந்தக் குலம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆறு பாயிண்டு போய்விடும்!

சங்கத்தை நடத்தும் முறையும் கவனிக்கத்தக்கது. பகுதிக்குப் பகுதி பிள்ளைகளே தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். விளையாட்டுக்கு ஒரு சபை, சமூக சேவைக்கு ஒரு சபை, இரண்டுக்கும் மேலாக ஒரு நிர்வாக சபை. இவற்றில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் இருபது வயதுக்குட்பட்டவர்கள். வயது முதிர்ந்த தலைவர்கள் வாலிபர் சங்கங்களின் நாற்காலிகளில் பல்லாண்டு காலம் அமர்ந்திருக்கும் காட்சி நமக்குப் பழக்கமானதாகையால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அவர்களுடைய ஆட்டச் சட்டமும் மிகுந்த திருப்தி அளிக்கிறது. ரெபரியிடம் பேசும் உரிமை காப்டன் ஒருவனுக்கே உண்டு. குற்றம் செய்து மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டவன், சிறு பிள்ளைகளின் பந்தயங்களுக்கு ரெபரியாக நின்று கொடுத்தபிறகே மறுபடி ஆட வரலாம். ரெபரியைத் திட்டியவன் ஊதுகுழலைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, சிறுவர்களின் கூச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்கும் தண்டனையை விடப் பொருத்தமானதொரு தண்டனையை எந்த நீதிபதியும் எழுதியதாக நமக்கு ஞாபகமில்லை. நல்ல நடத்தைக்கும் அங்கே அடையாளம் உண்டு. மஞ்சள் சீட்டு, சிவப்புச் சீட்டோடு பச்சைச் சீட்டும் வைத்திருந்தார்கள். அது பண்போடு ஆடியவனுக்கு உரியது.

தொண்டு செய்து சேர்த்த பாயிண்டுகளுக்காகப் படிப்பு உதவித்தொகை அளிக்கப்பட்டது. பணத்தைப் பையன் கையில் கொடுக்காமல் அவன் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கே கட்டினார்கள். தெருவில் திரிந்ததற்காகப் போலீஸார் பிடித்து அடைத்து வைத்த குழந்தைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, அவர்களுடைய குடும்பங்களைத் தேடிச் சேர்ப்பிக்கும் வேலையையும் சங்கத்தார் மேற்கொண்டார்கள். வீடில்லாதது குற்றமாகும் சட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

பெண்களின் லீக் 1992-ல் ஆரம்பமாயிற்று. பையன்களுக்கு நடந்தது போல் அது எளிதில் நடக்கவில்லை. தண்ணீர் எடுப்பவள் யார்? தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்பவள் யார்? இருட்டிய பிறகு அந்தச் சந்துகளின் வழியே பெண் குழந்தை எப்படித் தனியாகத் திரும்புவாள்? தாய்மார்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. சங்கத்தார் வீடு வீடாகச் சென்று பெற்றோரோடு பேசினார்கள். இருட்டுமுன் பெண்களை வீடு சேர்ப்பதற்குப் பொறுப்பேற்றார்கள். பெண் விடுதலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தண்ணீர்க் குடத்தின் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அந்நியர் ஒருவர் தொடங்கி, வெளிநாட்டார் பணம் கொடுத்து நடப்பது எப்படி ஜனங்களின் சொந்த ஸ்தாபனமாகும் என்ற ஆட்சேபத்தை நாம் லேசாகத் தள்ளமாட்டோம். பணம் கொடுப்பவர் மனம் மாறினால் பந்தும் நின்றுபோகும் அபாயம் இத்தகைய ஸ்தாபனங்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆயினும் மதாரேயில் வாலிபர்கள் கொடுத்த விலை உடலுழைப்பு. அதற்கு எந்த வெளிநாட்டாரும் உரிமை கொண்டாட முடியாது. இருபதினாயிரம் பிள்ளைகள் வரை சங்கத்தில் சேர்ந்தார்கள் என்பதையும், அவர்களை வளர்த்தவர்கள் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1994-ல் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு மதாரே யுனைடெட் என்ற கோஷ்டி ஏற்பட்டது. பெரிய கோஷ்டி வந்துவிட்டால் சிறுவர்களின் லீக்கைக் கவனிப்பாரற்றுப் போவது வழக்கம். அதைத் தடுக்க, பட்டம் வெல்லும் ஆட்டக்காரனும் சிறுவர்களைப் பழக்குவது முதலான சமூக சேவையைச் செய்தே தீரவேண்டும் என்று வைத்தார்கள். 1998-லும் 2000-லும் தேசத்தின் கோப்பையை அவர்கள் வென்றார்கள். இதனிடையே கென்யாவின் கால்பந்து நிர்வாகத்திலோ கட்சிச் சண்டைகள் முற்றி, 2004-லும் 2006-லும் அதைச் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் விலக்கி வைக்க நேர்ந்தது. பெரியவர்களின் சபைகளைப் பற்றி இவ்வளவு போதும்.

2007-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி நடந்த பொதுத் தேர்தலின் முடிவைப் பற்றிய தகராறு குலச் சண்டையாக வெடித்தது. இரண்டு மாதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். நைரோபியில் மிகக் கொடுமையாக எரிந்த இடங்களில் மதாரேயும் ஒன்று. அடுத்தடுத்த சந்துகளில் வசித்தவர்களே ஒருவரையொருவர் துரத்தினார்கள். பந்து அந்த நெருப்பைத் தடுத்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை, தடுக்கவில்லை. ஆனால் புகை அடங்கிய அதே 2008-ம் வருஷத்திலேயே, கென்யாவின் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது கோர் மாஹியாவுமன்று, லெப்பர்ட்ஸுமன்று. எந்தக் குலத்தின் பெயரையும் தாங்காமல், எரிந்த பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய மதாரே யுனைடெட். அப்பட்டம் அவர்களுக்கு மறுபடி கிட்டவில்லை. சிறுவர்களின் லீக் தொடர்ந்து நடந்து வந்தது.