இருபது மீட்டர் தூரத்தில் ஒரு மான்

ஐப்பசி உற்சவத்தின் ஒன்பதாம் நாள் இரவு, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மேற்கு நடையிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படும். கொட்டு கிடையாது, நாதஸ்வரம் கிடையாது. கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனைக்கு முன்னால், வேட்டைக்கொருமகன் கோயிலருகே போய் நிற்கும். செடிகொடிகளை வைத்து அங்கே ஒரு சின்னக் காட்டை உண்டாக்கியிருப்பார்கள். அதற்குள் ஓர் இளநீர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் வில்லை வாங்கி அதன்மேல் அம்பு எய்வார். அம்பு தைத்த பிறகுதான் சங்கு முழங்கும். திரும்பி வரும்போது மேளம் அதிரும். பங்குனி உற்சவத்திலும் இதே சடங்கு உண்டு. மறுநாள் ஆறாட்டு, சுவாமியின் கடல் நீராட்டு. சங்குமுகம் கடற்கரைக்குப் போகிற ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைத் தாண்டியாக வேண்டும் என்பதால், சில மணி நேரம் விமானங்களே காத்திருக்கும். பத்திரிகைகள் விமானத்தைப் பற்றித்தான் எழுதும். எனக்கு முந்தின நாள் பள்ளிவேட்டைதான் பெரிது.

வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து கோட்டை அதிக தூரமில்லை. சின்ன வயதில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போவேன். ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்டால், "வேட்டைக்குப் போறவா கொட்டடிச்சுண்டா போவா?" என்பாள். அந்தப் பதிலின் முழு ஆழமும் எனக்குப் புரிந்தது, நான் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு, என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து பேசத் தொடங்கியபோது.

அவன் இருப்பது மிச்சிகனில். அங்கே அக்டோபர் 1ஆம் தேதி வில்வேட்டைப் பருவம் ஆரம்பிக்கும். துப்பாக்கிக்காரர்களின் வழக்கமான பருவம் நவம்பர் 15இல்தான் தொடங்கும். ஆக, நம் ஐப்பசியும் அவர்களுடைய வில்வேட்டையும் ஏறக்குறைய ஒரே காலம். உரிமம் வாங்கி, மரத்தில் பரண் கட்டி, விடியற்காலை இருட்டிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவான். வெள்ளைவால் மான்தான் அங்கே வேட்டை. மாமிசம் சமைக்காத தெருவில் பிறந்த எனக்கு உயிரைக் கொல்வதில் உடன்பாடு இல்லை. அவனிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் போனில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் கொல்லாத கதைகள். கிட்டே வந்து போன மான், எய்ய முடியாமல் போன அம்பு, எய்தும் படாத அம்பு. "டீச்சர், துப்பாக்கிக்காரனுக்கு மான் கண்ணில் பட்டால் வேலை பாதி முடிந்தது. எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பம்" என்பான்.

காரணம் தூரம். நவீன துப்பாக்கி இருநூறு மீட்டருக்கு அப்பாலும் கொல்லும். வில்லுக்கு இருபது, இருபத்தைந்து மீட்டர். நல்ல கையென்றால் இன்னும் கொஞ்சம். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டு முகப்பு நீளம், அவ்வளவுதான். அந்த நெருக்கத்தில் மானுக்கு நம் மூச்சு கேட்கும், சட்டை உரசுவது கேட்கும். கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், பின்பக்கம் ஒரு சிறு பகுதி தவிர சுற்றிலும் நடப்பது அதற்குத் தெரியும். ஆரஞ்சும் சிவப்பும் அதற்குச் சரியாகப் பிரிந்து தெரியாது. ஆனால் அசைவு தப்பாது. வில்லை இழுப்பதோ பெரிய அசைவு. மான் தலையைக் குனிந்து மேயும்போதோ, ஒரு மரத்துக்குப் பின்னால் அதன் முகம் மறையும்போதோதான் இழுக்க முடியும்.

இழுத்த பிறகும் காத்திருக்க வேண்டிவரும். மான் நேராக நம்மைப் பார்த்து நின்றால் எய்யக்கூடாது. விலா தெரிய, முன்னங்கால் ஒரு எட்டு முன்னே போக வேண்டும். நெஞ்சுக்கூட்டில் நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம் ஒரு சாண் அகலம்தான். குறுக்கே ஒரு சுள்ளி இருந்தால் போதும், அம்பு திசை மாறிவிடும். சாதாரண மரவில்லை முழுக்க இழுத்தபடி சில நொடிகளுக்கு மேல் நிறுத்த முடியாது, தோள் நடுங்கும். இப்போது வரும் காம்பவுண்ட் வில்லில் உருளைகள் இருப்பதால், கடைசிவரை இழுத்ததும் பாரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். அதிலும் கை ஓய்ந்துபோய் நாணை மெல்லத் தளர்த்திய காலைகளைப் பற்றி அவன் நிறையச் சொல்லியிருக்கிறான். ஒருமுறை பெட்டை மானொன்று பரணுக்கு நேர் கீழே வந்து நின்றது. வில்லை இழுத்துவிட்டான். புதருக்குள்ளிருந்து அதன் குட்டி வெளியே வந்தது. சட்டப்படி எய்யலாம். அவன் எய்யவில்லை.

என் பாடமே இதற்குள் இருந்தது. குறி தப்பாமல் எய்தும் அம்பு மானின் முதுகுக்கு மேலே போய்விட்டது என்று ஒருநாள் புலம்பினான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரவில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு ஐம்பது மீட்டர் போகிறதென்று வைத்துக்கொள்வோம். இருபது மீட்டரைக் கடக்க 0.4 நொடி ஆகும். நாணின் சத்தமோ நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் போய் 0.06 நொடியில் மானின் காதை எட்டிவிடும். மிச்சம் இருப்பது 0.34 நொடி. ஓடுவதற்கு முன் மான் முதலில் செய்வது, கால்களை மடக்கி உடலைக் கீழே இறக்குவது. தாவ வேண்டுமென்றால் காலில் விசை சேர்த்தாக வேண்டும் அல்லவா? சத்தத்தை உணர்ந்து கால் மடங்க 0.1 நொடி போனாலும், மீதி நேரத்தில் புவியீர்ப்பில் உடல் ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும். அம்பு வரும்போது நெஞ்சு அங்கே இருக்காது. அம்பைக் கண்டு மான் தப்பவில்லை. ஒலி அம்பை முந்தி வருகிறது.

கணக்கை எழுதி வைத்த அதே மாதம் இதைக் கண்ணால் பார்க்கவும் வாய்த்தது. மியூசியம் வளாகத்து மிருகக்காட்சிச்சாலையில் புள்ளிமான்களின் வேலியோரம் நின்றிருந்தேன். மழை தூறியது. பக்கத்தில் நின்ற ஒருவர் பொத்தான் குடையை விரித்தார். டப்பென்ற அந்த ஒரு சத்தம்தான். மேய்ந்துகொண்டிருந்த ஆண்மானின் நான்கு முட்டிகளும் ஒரே சமயத்தில் மடங்கின, அடிவயிறு புல்லை நோக்கி இறங்கியது, அதற்குப் பிறகுதான் தாவல். தாவல் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். அந்த இறக்கத்தைத் தேடியிருக்காவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

சத்தத்தைவிடக் கொடிய எதிரி காற்று. அகத்தியமலை அடிவாரத்தில் கோட்டூர்ப் பக்கம் ஒரு காணிக்காரப் பெரியவர், தன் தாத்தா காலத்து வில்லைப் பற்றிப் பேசும்போது, "காத்து திரும்பினா மிளா போச்சு அம்மா, வில்லைத் தூக்கவே வேண்டாம்" என்றார். நாம் கடமான் என்றும் மிளா என்றும் சொல்கிற பெரிய மான் அது. மனித வாடை பட்டால் வாலை நிமிர்த்தி, முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டி, காடு முழுக்கக் கேட்க ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டபின் வேட்டைக்காரன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காணிக்காரர் சொன்னதற்குச் சாட்சி உலகின் மறுகோடியிலும் உண்டு. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், யாஹி இனத்தின் கடைசி மனிதர் காட்டிலிருந்து தனியே வெளியே வந்தார். அவரை இஷி என்று அழைத்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தை கற்றார். 1916இல் இஷி இறந்தபின் அதையெல்லாம் எழுதி வைத்தார். வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் சாப்பிட மாட்டார், புகையிலை தொட மாட்டார். விடியலில் ஓடையில் குளித்து, வாசனை இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். குட்டியின் குரலில் ஒலியெழுப்பி மானைத் தன்னிடம் வரவழைப்பார். தான் கிட்டே போவதை விட, அது கிட்டே வரும்வரை இருப்பதுதான் அவருடைய வித்தை. குளியல், பத்தியம், மௌனம் என்று படிக்கும்போது எனக்கு எங்கள் கோயில் விரதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நம் கதைகளைத் திரும்பப் பார்த்தால், வில்வேட்டையைப் பற்றி நம் முன்னோர் நினைவில் வைத்திருப்பது வெற்றிகளை அல்ல என்று தெரிகிறது. துஷ்யந்தன் தேரில் மானைத் துரத்தி வருகிறான், அம்பு நாணில் இருக்கிறது, மான் எல்லைக்குள் வந்துவிட்டது. ஆசிரமத்து மான், கொல்லாதே என்று துறவிகள் குறுக்கே வருகிறார்கள். அவன் அம்பை எடுத்துவிடுகிறான். சாகுந்தலம் முழுவதும் அந்த ஒரு விலகலிலிருந்து புறப்படுகிறது. மறுபக்கம் தசரதன். இருட்டில் குடம் நிரம்பும் ஓசையை யானை நீர் குடிப்பதாக எண்ணி, ஒலியை மட்டும் நம்பி எய்தான். செத்தது ஒரு பையன். ஜரன் என்ற வேடன் மரத்தடியில் சாய்ந்திருந்த கண்ணனின் பாதத்தை மானென்று நினைத்தான். நன்றாகத் தெரிகிறவரை எய்யாதே என்பது இன்று மிச்சிகனில் உரிமம் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முக்கியமான பாடம். நம் இதிகாசங்கள் அதை ஒரு தகப்பனின் சாபமாகவும் ஓர் அவதாரத்தின் முடிவாகவும் சொல்லி வைத்திருக்கின்றன.

பள்ளிவேட்டை நடக்கிற இடத்தில் கோயில் கொண்டிருக்கிற தெய்வத்தின் கதை இன்னும் நேரடியானது. அர்ஜுனனைச் சோதிக்கச் சிவனும் பார்வதியும் வேடர் உருவில் வந்தபோது பிறந்தவன் வேட்டைக்கொருமகன். கண்ணில் பட்டதையெல்லாம் எய்து, முனிவர்களையும் துன்புறுத்தினான். விஷ்ணு கிழவேடனாக வந்து ஒரு பொற்சுரிகையை, பொன்னாலான குறுவாளைக் காட்டினார். அதன் அழகில் மயங்கி அவன் கேட்க, வலக்கையிலிருந்து இதைக் கீழே வைக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார். சுரிகை பிடித்த கையால் நாணை எப்படி இழுப்பது? அதோடு அவன் வேட்டை அடங்கியது. வில்லை விட முடியாத ஒருவனை அடக்க இதைவிட நயமான வழி எனக்குத் தெரியாது. கையில் இருப்பதைப் பிடுங்காமல், இன்னொன்றைக் கொடுத்து நிறுத்தினார்.

வலியசாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது கரமனை. அங்கே ஒரு விஸ்வகர்மக் குடும்பம் பரம்பரையாக ஓணவில் செய்து வருகிறது. விரதமிருந்து, மரப்பலகையில் அனந்தசயனத்தையும் தசாவதாரத்தையும் வரைந்து, திருவோணத்தன்று பத்மநாபசுவாமிக்குச் சமர்ப்பிப்பார்கள். அந்த வில்லுக்கு எய்கிற வேலையே இல்லை. பள்ளிவேட்டை வில்லுக்கோ வருஷத்தில் இரண்டே வேலை, இரண்டும் இளநீர்மேல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டில் மான் வேட்டை குற்றம். அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். மிச்சிகனின் நிலைமை வேறு. மான்கள் பெருகி ரோட்டில் கார்களில் அடிபட்டுச் சாகின்றன, எத்தனை கொல்லலாம் என்று அரசே கணக்கு வகுக்கிறது. நம் பேப்பாறைக் காட்டிலும் நெய்யாற்றுக் காட்டிலும் அப்படியொரு அவசியம் இல்லை. புலியும் செந்நாயும் சிறுத்தையும் வாழ்கிற காட்டில் மானுக்குக் கணக்கு வைக்க நாம் தேவையில்லை.

ஆனால் வில்லோடு அந்தப் பொறுமையும் போய்விட்டால் அது நஷ்டம். கோட்டூருக்கு வருகிற வண்டிகளைப் பார்க்கிறேன். மான் என்று ஒருவர் கத்துவார், பத்துப் போன்கள் நீளும், மான் போய்விடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. வேட்டைக்காரனுக்குத் தெரிந்த அத்தனையும், அம்பு ஒன்று தவிர, மானைப் பார்க்க விரும்புகிற ஒவ்வொருவருக்கும் வேண்டும். காற்றுக்கு எதிர்முகமாக நடக்க வேண்டும். குரங்கு எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் அசையாமல் நிற்க வேண்டும். காலை முதல் வெளிச்சத்தில் தண்ணீர்ப் பக்கம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது நான் இவற்றைத்தான் சொல்லித் தருகிறேன். பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரம் பேசாமல் இருக்கும். இருந்தால் மான் வரும் என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

போன பருவத்தில் என் மாணவன் ஒரு கொம்பன் மேல் எய்து தவறவிட்டான். பட்டதா இல்லையா என்று அப்போது அவனுக்குத் தெரியாது. அடிபட்ட மானை உடனே துரத்தக்கூடாது. துரத்தினால் வெகுதூரம் ஓடி எங்கோ கிடந்து சாகும். அதனால் அரை மணி பரணிலேயே இருந்துவிட்டு இறங்கினான். சருகுக்குள் குத்தி நின்ற அம்பைக் கண்டுபிடித்து, இறகிலிருந்து முனைவரை விரலால் தடவிப் பார்த்திருக்கிறான். "சுத்தமா இருந்தது டீச்சர், ஒரு துளி ரத்தம் இல்லை" என்றான். காயத்தோடு ஒரு உயிர் காட்டில் அலையவில்லை என்கிற நிம்மதி அவன் குரலில் இருந்தது. சுத்தமாகத் தவறுவது அரைகுறையாகப் படுவதை விட எவ்வளவோ மேல் என்று வேட்டைக்காரர்கள் எல்லோருமே சொல்வார்களாம்.

நவராத்திரிக்கு வேளிமலை குமாரசுவாமி எங்கள் பக்கத்து ஆரியசாலைக் கோயிலுக்கு வந்து தங்குவார். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே வருவார்கள். வேடனாக வந்து, தினைப்புனத்தில் நின்ற வள்ளியிடம் இந்தப் பக்கம் ஒரு மான் வந்ததா என்று கேட்ட முருகன் அவர். எய்த மான் தப்பி ஓட, அதைக் கேட்டுக்கொண்டு தலைவன் தலைவியிடம் வருவது நம் அகப்பாடல்களில் ஒரு துறையாகவே இருக்கிறது. இதை மாணவனிடம் சொன்னேன். "அப்புறம் அந்த மான் என்ன ஆச்சு?" என்று கேட்டான். அதைப் பற்றி யாரும் பாடவில்லை, முருகனும் மறுபடி கேட்கவில்லை என்றேன். வருகிற ஐப்பசியில் லீவு போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அங்கே வேட்டைப் பருவம் தொடங்கியிருக்கும். பரவாயில்லை, பள்ளிவேட்டை பார்க்க வேண்டும் என்கிறான்.