பாடத்துல இருந்து தூக்கினா, புத்தகத்துக்கே தடையா?

நெல்லை:
நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், 2020 நவம்பரில் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்தில் இருந்து அருந்ததி ராய் எழுதிய 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்' புத்தகத்தை அதிரடியாக நீக்கியது. காட்டுக்குள் மாவோயிஸ்டுகளுடன் தங்கிய அனுபவத்தை அவர் எழுதிய புத்தகம் இது. 2017 முதல் பாடத்தில் இருந்தது. மாவோயிஸ்டுகளை உயர்த்திப் பேசுவதாக ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பு புகார் கொடுத்தது. பதிலுக்கு, இயற்கை ஆர்வலர் மா.கிருஷ்ணனின் கட்டுரைகள் வந்தன.

அப்போ, அந்தப் புத்தகத்தை வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா? அதெல்லாம் கிடையாது. பரீட்சைக்கு வராது, அவ்வளவுதான். கடையில் வாங்கலாம், நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படிக்கலாம்.

தடை என்பது வேறு சமாச்சாரம். மாநில அரசு காரணத்தைச் சொல்லி, அரசிதழில் அறிவித்து, பிரதிகளைப் பறிமுதல் செய்யும். முன்பு இதற்கு குற்றவியல் நடைமுறை சட்டம் 95-வது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 98-வது பிரிவு. எதிர்ப்பவர்கள் 2 மாதத்துக்குள் ஐகோர்ட்டுக்குப் போகலாம். குறைந்தது 3 நீதிபதிகள் விசாரிப்பார்கள்.

காசு கொடுத்து புத்தகம் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு பாடமும் நூலகமும்தான் வழி. அதனால, 'தடை பண்ணிட்டாங்க'ன்னு யாராவது சொன்னா, அரசிதழில் வந்திருக்கான்னு கேளுங்க. வரலைன்னா, பிள்ளைங்க தாராளமா படிக்கட்டும்.