பழைய குரூசரின் விலையைத் தீர்மானிப்பது எது?

தாழ்ந்த இருக்கை, ஓட்டுபவரை நோக்கி வளைந்த ஹேண்டில்பார், கால்களை முன்னே நீட்டி வைக்க வாகான ஃபுட்ரெஸ்ட் ஆகியவற்றோடு, வேகத்தைவிட நெடுந்தூரப் பயணத்தின் சொகுசைக் கருதி வடிவமைக்கப்படும் மோட்டார் சைக்கிள் குரூசர் எனப்படுகிறது. ஹார்லி-டேவிட்சன் போன்ற அமெரிக்க வண்டிகளால் புகழ்பெற்ற இவ்வடிவம், பஜாஜ் அவெஞ்சர், ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு, 2020-இல் அதன் இடத்தைப் பிடித்த மீட்டியார் 350 ஆகியவற்றின் வழியாக இந்திய நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டியது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ராயல் என்ஃபீல்டு புல்லட் இலக்கணப்படி குரூசர் ஆகாது என்றாலும், பழைய வண்டிச் சந்தை அந்த இலக்கணத்தைப் பொருட்படுத்துவதில்லை.

குரூசர் இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனின் விட்டத்தைவிட அது மேலும் கீழும் செல்லும் தூரம் மிகுதி. மீட்டியாரில் விட்டம் 72 மி.மீ., தூரம் 85.8 மி.மீ. இதனால் டார்க் எனப்படும் முறுக்குவிசை குறைந்த சுழற்சியிலேயே கிடைப்பதால், இன்ஜினை முறுக்கி விரட்ட வேண்டிய தேவை எழுவதில்லை. ஆயினும் மறுவிற்பனை விலையை இன்ஜினின் தரத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, உள்ளூரில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் கடையில் கிடைக்கும் உதிரிபாகமுமே ஆகும்.

சென்னைத் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் இதற்குச் சிறந்த சான்று. எண்ணெய் கசியும், அதிரும், வலப்புறம் கியரும் இடப்புறம் பிரேக்கும் கொண்டு புதியவரைத் தடுமாற வைக்கும். டீகம்ப்ரஷர் நெம்புகோலை அழுத்தியபடி கிக்கரை மெல்ல மிதித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வந்தபின் உதைத்தால்தான் பிசகின்றிக் கிளம்பும். ஏறத்தாழ 2010 வாக்கில் உற்பத்தி நின்றுவிட்ட இவ்வண்டியைத் தொழில்நுட்ப அடிப்படையில் யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். எனினும் நன்கு பேணப்பட்ட ஒன்றை அதன் உரிமையாளர் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. வயது ஏறினால் விலை இறங்கும் என்ற பொதுவிதி இங்கே செல்லுபடியாவதில்லை.

ஹார்லி-டேவிட்சன் 2020-இல் ஹரியானாவின் பாவல் ஆலையை மூடுவதாக அறிவித்தபோது நேர்ந்தது இதன் மறுபக்கம். விற்பனைப் பொறுப்பை ஹீரோ மோட்டோகார்ப் ஏற்றுக்கொண்டபோதிலும், பாகம் கிடைக்குமா என்ற ஐயமே வாங்குபவர் பேரம் பேசப் போதுமான காரணமாயிற்று.

வரியும் இச்சந்தையை அசைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான புதிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. புதியதன் விலையே பழையதற்கு உச்சவரம்பு என்பதால், சிறிய குரூசரை விற்க வந்தவர் தம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளவும், 650 சி.சி. வண்டி வைத்திருப்பவர் சற்றே கூட்டிச் சொல்லவும் இடமேற்பட்டது.

அனுபவமுள்ளவர் வண்டியைக் கிளப்பும் முன் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். முன்கூட்டியே சூடேற்றி வைத்த வண்டியில் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. சேஸிஸ் எண் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழோடு பொருந்துகிறதா, ஹைப்பாதிகேஷன் எனப்படும் கடன் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்பவை அடுத்தவை. விற்பவர் கையெழுத்திட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவத்தோடு வண்டி மூன்று நான்கு கை மாறுவது இச்சந்தையின் பழைய நோய். பெயர் மாற்றம் பதிவாகும்வரை, விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயருள்ளவர் மீதே விழும்.