அலைவாய்க்கரை – 9: யாரும் விலை கேட்காத புழு

கடல் அட்டைக்கு விலை உண்டு. அதனால் அதற்குச் சட்டமும் வந்தது. சீனச் சந்தைக்காக அள்ளி அள்ளித் தீர்த்த பிறகு, 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் அதை ஏற்றினார்கள். அது சென்ற வாரக் கதை. இந்த வாரம் பார்க்கப்போவது எந்த ஏலத்துக்கும் வராத ஒரு பிராணி: பலனோகிளாசஸ்.

பள்ளியில் விலங்கியல் படித்தவர்களுக்குப் பெயராவது ஞாபகம் இருக்கும். அரைநாணிகள் என்ற தலைப்பு, அதன் கீழே ஒரு படம், பாகங்களைக் குறி என்று 5 மதிப்பெண். பார்வைக்குச் சாதாரணப் புழு. ஆனால் நம்முடைய பங்காளி வகையறா. மீனுக்கு இருப்பதுபோல் தொண்டையில் செவுள் துளைகள் உண்டு. 2015இல் இதன் உறவுப் புழுக்களின் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள், முதுகெலும்பிகளின் தொண்டையை உருவாக்கும் மரபணுக்களில் ஒரு கூட்டம் அவற்றிலும் அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் கண்டார்கள்.

நம் பக்கத்தில் இதற்குப் பேர்போன இடம் குருசடைத் தீவு. பாம்பன் குந்துகாலில் படகேறினால் கூப்பிடு தூரம்தான். இத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றி சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே தனித் தொகுதி வெளியிட்டது. கிரேவ்லி முதலானோர் எழுதியது. எந்தெந்த உயிர் இருக்கிறது என்ற பட்டியலுக்கு நமக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் எத்தனை இருக்கிறது என்பது வேறு கேள்வி.

இந்தப் புழுவை எண்ணுவது லேசான காரியமும் அல்ல. மணலுக்குள் வளை தோண்டி வாழ்கிறது. மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வாலால் வெளியே தள்ளுகிறது. அது மேலே சுருள் சுருளாக, பிழிந்த இடியாப்பம்போல் குவிந்து கிடக்கும். மண்வெட்டி போட்டால் புழு முழுசாக வராது. தொட்டாலே அறுந்துபோகும் உடம்பு. தும்பிக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். கையில் வழவழவென்று சளியும், ஆஸ்பத்திரிப் புண் மருந்தை நினைவுபடுத்தும் நெடியும்தான் மிஞ்சும். (அறுந்த உடம்பிலிருந்து தலையை மறுபடி வளர்த்துக்கொள்ளும் திறமை இதற்கு உண்டு. அதை நம்பி வெட்டிப் பார்க்கக் கூடாது.)

ஆகவே சுருளைத்தான் எண்ண வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் கயிறு கட்டி, அதையொட்டி ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே விழும் சுருள்களைக் குறித்துக்கொண்டே போவது. மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றத்துக்கு இடையே ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் ஓரளவு மணல் தலைகாட்டும். காற்று கிளம்பினால் சுருள்கள் கரைந்துவிடும். இன்று சுருள் இல்லை என்பதால் புழு இல்லை என்று எழுதிவிட முடியாது. ஒரே திட்டில், ஒரே மாதத்தில், ஒரே நீர்மட்டத்தில் வருஷா வருஷம் எண்ணினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. ஒரு தடவை போய்ப் படமெடுத்து வந்து ‘அருகிவரும் உயிர்’ என்று எழுதுவது, என்னைக் கேட்டால், ஆய்வே இல்லை.

மற்ற கரையோர உயிர்களைக் கல்லைப் புரட்டித் தேடுகிறவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு. எப்படிக் கிடந்ததோ அப்படியே திருப்பி வைக்க வேண்டும். கல்லின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சும் நொறுங்கு நட்சத்திர மீனும் வெயிலில் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. உயிரை எண்ணப் போனவர்களே அதைக் கொன்றுவிட்டு வருவது இப்படித்தான்.

பலனோகிளாசஸைக் காப்பாற்றுவது அதன் பெயரல்ல, இடம். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தபோது குருசடையும் அதற்குள் வந்தது. மாணவர்கள் புட்டியோடு வந்து தோண்டிப்போகும் வழக்கத்துக்குத் தடை விழுந்தது. இப்போது வனத்துறையே சுற்றுலாப் படகு விடுகிறது. வரட்டும், பார்க்கட்டும், ஆனால் மணல் திட்டில் இறங்கி நடக்க விடக் கூடாது. மிதித்த இடத்தில் வளை இடிந்துவிடும்.

எண்ணும் வேலைக்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள். அமாவாசை, பௌர்ணமி நீரைப் பார்த்துப் பாசி எடுக்கப் போகிற பெண்கள் அந்தக் கரையெங்கும் இருக்கிறார்கள். தீவுப் பக்கம் வராதே என்று அவர்களைத்தான் விரட்டுகிறோம். கூலி கொடுத்துச் சதுரச் சட்டத்தையும் நோட்டையும் அவர்கள் கையில் கொடுத்தால் என்ன? இதற்கு அதிகாரிகள் சொல்லும் தடைகளையும், அந்தப் பெண்கள் சொல்வதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.