நாவலாசிரியர் ஒருவர் நெறியாளரானார்

எழுத்தாளன் சினிமாவுக்குப் போனால் எழுத்தும் கெடும், சினிமாவும் உருப்படாது என்று சொல்வோர் நம்மிடையே உளர். நேயர்களே, அதற்கு மாறான ஓர் உதாரணத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் தென் கொரியாவைச் சேர்ந்த லீ சாங்-டொங்.

1954 இல் டேகு நகரில் பிறந்தவர். பாடசாலை ஆசிரியராகக் கடமையாற்றியவர். 1983 இல் புனைகதை எழுத்தாளராக அறிமுகமாகி நூல்களும் வெளியிட்டார். பார்க் குவாங்-சு என்ற நெறியாளருக்குத் திரைக்கதை எழுதப்போய் அத்துறைக்குள் நுழைந்தார். முதற் படமான ‘பச்சை மீன்’ 1997 இல் வெளிவந்தபோது அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அன்று தொடக்கம் 2018 வரை நெறிப்படுத்தியவை ஆறே முழுநீளப் படங்கள். இடையில் 2003 இல் நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவும் ஓராண்டளவில் பதவி வகித்தார். அமைச்சரான கலைஞர்கள் பலர். மீண்டும் கலைக்குத் திரும்பி மேலும் சிறந்தவற்றைத் தந்தோர் சிலரே.

இரண்டாவது படம் ‘பெப்பர்மின்ற் கன்டி’. ரயில் பாலத்தின் மீது நின்று, திரும்பிப் போக வேண்டும் என்று கதறுகிறான் ஒருவன். ரயில் வருகிறது. கதை அங்கிருந்து பின்னோக்கி நகர்கிறது: 1999 இலிருந்து 1979 வரை, ஏழு பகுதிகளாக. முதலில் நாம் காண்பது நொடித்துப்போன வியாபாரி. அதற்கு முன்னர், கைதிகளைச் சித்திரவதை செய்யும் பொலிஸ்காரன். அவன் மீது நமக்கு வெறுப்பே வருகிறது. இடையிடையே நொண்டுகிறான், காரணம் தெரிவதில்லை. 1980 மே மாதம் குவாங்ஜூ எழுச்சியை இராணுவம் நசுக்கிய பகுதிக்கு வரும்போதுதான் புரிகிறது. கட்டாய சேவையில் இருந்த அந்த இளைஞனின் காலில் அன்று குண்டு பட்டிருக்கிறது. இருளில் அகப்பட்ட பாடசாலை மாணவியொருத்தியைத் தப்பியோட விட நினைத்துச் சுடுகிறான், அவள் இறந்துவிடுகிறாள். கடைசிப் பகுதியில் அவன், காட்டுப் பூக்களைப் படம் பிடிக்க ஆசைப்படும் வெறும் இருபது வயதுப் பையன். ‘அடுத்து என்ன?’ என்று கேட்கவைப்பது வழமையான கதை. ‘ஏன் இப்படி ஆனான்?’ என்று இது கேட்கவைக்கிறது. உத்திக்காக உத்தி அல்ல என்பதே எனது அபிப்பிராயம்.

‘ஒயாசிஸ்’ 2002 இல் வெனிஸ் விழாவில் நெறியாள்கைக்கான விருதைப் பெற்றது. 2007 இல் வந்தது ‘மிரியாங்’. அது ஓர் ஊரின் பெயர். மகனைக் கடத்திக் கொன்றவனை மன்னிப்பதற்காகச் சிறைச்சாலைக்குப் போகிறாள் ஒரு தாய். அவனோ சாந்தமாக, கடவுள் தன்னை ஏற்கனவே மன்னித்துவிட்டார் என்கிறான். அவள் நிலைகுலைந்து போகிறாள். பாதிக்கப்பட்டவள் மன்னிப்பதற்கு முன் மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு? படம் விடை சொல்வதில்லை. தாயாக நடித்த ஜொன் டோ-யொன்னுக்கு கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

எனக்கு மிகப் பிடித்தது 2010 இல் வந்த ‘கவிதை’. கானில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்றது. மறதி நோயின் தொடக்கத்திலுள்ள முதிய பெண் ஒருத்தி கவிதை வகுப்பில் சேர்கிறாள். அவளது பேரனும் நண்பர்களும் சீரழித்த மாணவி ஆற்றில் விழுந்து உயிரை மாய்த்திருக்கிறாள். பையன்களின் தந்தையர் ஆளுக்கு 50 இலட்சம் வொன் போட்டு விடயத்தை மூடிவிடப் பார்க்கிறார்கள். அவள் பணத்தையும் எப்படியோ தேடிக் கொடுக்கிறாள். ஆனால் அத்துடன் விடுவதில்லை. வகுப்பில் கவிதை எழுதி முடிப்பவள் அவள் ஒருத்தியே. அக்கவிதை இறந்த சிறுமிக்கானது. நடித்தவர் யூன் ஜொங்-ஹீ. பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்து திரும்பிய அந்த மூத்த நடிகைக்கு, பின்னர் அதே நோய் வந்ததாக 2019 இல் அறியவந்தது. 2023 இல் காலமானார்.

ஜப்பானியரான முரகாமியின் சிறுகதையைத் தழுவிய ‘எரிதல்’ (2018) தான் உலகெங்கும் அதிகம் பேசப்பட்டது. இருந்தும், புதிதாகப் பார்க்க விரும்பும் நேயர்கள் ‘கவிதை’யிலிருந்து ஆரம்பிக்கலாம். மெதுவாகத்தான் நகரும், அவசரப்படாமல் பாருங்கள்.