கல்லுக்குத் துணி கட்டிய ஓவியர்கள்

மயன் கட்டிய மண்டபத்தில் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து உடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான் துரியோதனன். அடுத்து, தண்ணீரைத் தரை என்று நம்பிக் கால்வைத்து விழுந்தான். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய மகாபாரதக் கூத்து பார்த்து வளர்ந்த கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு, கண்ணை ஏமாற்றும் உள்அலங்காரம் வெளிநாட்டுச் சரக்கு அல்ல.

சிதம்பரம் நடராசர் கோயிலில் சிவகங்கைக் குளத்துக்கு மேற்கே சிவகாமி அம்மன் சன்னதி. அதன் முன்மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் நாயக்கர் காலத்து, 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். பிச்சாடனராகச் சிவனும் மோகினியாகத் திருமாலும் தாருகாவனம் புகுந்த கதை, நீண்ட பட்டைகளாக விரிகிறது. இவற்றில் ஆழம் தெரியாது. தூரத்து மனிதர் சிறுத்துப்போக மாட்டார். ஏமாற்று வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கரையும் கட்டமும் பூவேலையுமாக, மேலே கட்டிய மேற்கட்டித் துணியைப் போலக் கல் கூரை தோற்றம் தருகிறது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்காக இன்றும் கையால் எழுதும் கலம்காரி விதானங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு உடனே பிடிபடும்.

துணி இந்தக் கடற்கரையின் உயிர்நாடி. 1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியதே முக்கியமாக ஜவுளி வியாபாரத்துக்காகத்தான். சோழமண்டலக் கரையின் சாயச் சித்திரத் துணிகள் ஐரோப்பிய வீடுகளில் கட்டில் திரையாகவும் சுவர்த் தொங்கலாகவும் மாறின.

அதே நூற்றாண்டில் ரோமில் கதை தலைகீழ். புனித இக்னேஷியஸ் ஆலயத்தில் கட்டாமல் விட்ட குவிமாடத்தை, ஆந்திரேயா போட்சோ என்ற இயேசு சபைச் சகோதரர் 1685இல் துணியில் தீட்டிக் கூரையில் தட்டையாக மாட்டிவிட்டார். இங்கே கல் துணியானது; அங்கே துணி கல்லானது! ஆனால் ரோமில் ஒரு நிபந்தனை: தரையில் குறித்த இடத்தில் நின்றால்தான் குவிமாடம். தள்ளிப்போனால் தூண்கள் சாய்ந்துவிடும். சிதம்பரத்துக் கூரைக்கு அந்தக் கெடுபிடி இல்லை. கதை நகர்வதால் பார்ப்பவரும் நகரவேண்டும். ஊர்ப் பாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் இதுவே தாராளமான கலை.

கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சுவரைப் பளிங்காக்கிய செட்டிநாட்டுக் கொத்தனார்களும் இதே வகையறா: எந்த மூலையில் நின்றாலும் அது பளிங்குதான்.

போட்சோவின் வழியும் இந்தியாவுக்கு வந்தது. மங்களூர் புனித அலோசியஸ் சிற்றாலயத்தில் அந்தோனியோ மொஸ்கேனி 1899 முதல் 1901 வரை சுவரும் கூரையும் நிறையத் தீட்டினார். சென்னை விஜிபி வளாகத்தில் ஓவியர் ஏ.பி.ஸ்ரீதர் 2016இல் தொடங்கிய, கண்ணை ஏமாற்றும் ஓவியங்களின் கிளிக் ஆர்ட் மியூசியமும் அந்த வம்சமே. ரோமில் தரையில் குறித்த இடம் செய்த வேலையை அங்கே செல்போன் கேமரா பார்க்கிறது.